அத்தையின் சூடு

இருபத்தாறு டிகிரியில் வைத்த ஏசி காலையிலிருந்து மூச்சுவிடாமல் ஓடியது. "அணைக்காதீங்க, ஓட்டத்திலதான் பாக்கணும்" என்று போனில் சொல்லியிருந்தார் மெக்கானிக். எங்களுக்குப் பல் கிடுகிடுத்தது. அத்தை மூன்று போர்வைக்குள் கிடந்தார்.

மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். மெஷினில் குறையே இல்லை.

"ரிமோட் எங்கே? அது இருக்கற இடத்துச் சூட்டைப் பாத்துதான் இந்த மெஷின் ஓடும்."

அத்தை திருதிருவென்று விழித்தார். போர்வைக்குள் துழாவி எடுத்து நீட்டினார். அடைகாத்த முட்டைபோல் சுட்டது!

"உங்க மாமா அணைச்சிடுவாருன்னு ஒளிச்சு வச்சேன்."

குளிரக் குளிர அத்தை போர்த்தியிருக்கிறார். போர்த்தப் போர்த்த ஏசி வெறிபிடித்து ஓடியிருக்கிறது. மாமா தரையில் உருண்டு சிரித்தார்.

அத்தை அசரவில்லை. "சிரிங்க, சிரிங்க. இந்த வீட்டில என் உடம்பைக் கவனிச்சது இந்த ரிமோட் ஒண்ணுதான்!"