கூரைப் பெட்டி

மலை முதுகில் இருந்தது கமலம் குடியிருந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. கீழே பள்ளத்தில் தேயிலை ஃபெக்டரி. மறுசரிவில் கொழுந்து வாட்டும் புதுக் கட்டடம். அங்கே சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகள் கம்பியில்லாமலே ஃபெக்டரிக்குக் கணக்கு அனுப்பும். நடுவில் மலை மறைத்தது. இரண்டு பக்கமும் பார்க்கும் ஒரே கூரை தங்களுடையதுதான் என்று, கருவிகளைக் கவனிக்கும் அவள் மகன் சதீஸே தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னான். கணக்கை வாங்கிக் கடத்தும் பெட்டி கூரையேறியது. கரண்ட் லயத்தில் அவர்கள் இருந்த காம்பராவிலிருந்து போனது. துரை அவன் தோளில் தட்டினார். மாட்டிக்கொண்டவள் கமலம்.

இடி இடித்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். பெட்டி செத்தால் கொழுந்து வாட்டும் கட்டடத்து ஃபேன்கள் தாமாக நின்று, கொழுந்து புழுங்கிக் கெடும். சுவிட்சைத் தூக்கிவிட ஓர் ஆள் வீட்டில் கிடக்க வேண்டும். இடி என்ன, சொல்லிவிட்டா வரும்? கோயில் தேருக்குக்கூட அவள் போகவில்லை.

அன்று மத்தியானம் கம்பளை ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் கணேஸ் பேசினான். மகள் யசோதினிக்கு வலி எடுத்துவிட்டது, அம்மாவைக் கேட்கிறாள். தலைப்பிரசவம். கமலம் மகனுக்குப் போன் போட்டாள்.

“நான் தங்கச்சிகிட்ட போறேன்டா.”

“வானத்தப் பாத்தீங்களா? வாட்டுற எடத்துல நெறைய கொழுந்து கெடக்கு.”

“கோழி முட்டய அட காத்தா குஞ்சு பொரிக்கும். நான் பெட்டிய அட காக்குறேன். இதுல என்னடா பொரிக்கும்?”

“பெட்டிக்கு பேட்டரி கேட்டிருக்கேம்மா. கொழுந்து கெட்டா என் தலையிலதான் விடியும். வேல போனா காம்பராவும் போகும்.”

அக்கம்பக்கத்தார் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவி கொடுக்க ஆளில்லை. பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

இரண்டு வளைவு இறங்குவதற்குள் வானம் இடிந்து விழுந்தது. போன் அடித்தது.

“அம்மா, பெட்டி செத்துருச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். துரை பக்கத்தில் நிற்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கமலம் மணியடித்து இறங்கினாள். மழையில் மேடேறி வந்து, உள்ளே கொடியில் கிடந்த சேலையில் கையைத் துடைத்துவிட்டுச் சுவிட்சைத் தூக்கிவிட்டாள்.

“வந்திருச்சும்மா. இனி நீங்க போங்க” என்றான் சதீஸ்.

சொன்ன வாய் மூடவில்லை, மறுபடியும் இடித்தது. சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டாள். நகராமல் அங்கேயே நின்றாள்.

கணேஸின் போனிலிருந்து யசோதினியே பேசினாள். மூச்சு இரைத்தது.

“எங்கம்மா வர்றீங்க?”

“பாலத்துக்கிட்ட வந்துட்டேன், புள்ள.”

“பஸ் சத்தமே கேக்கலையே.”

கமலம் தலைக்கு மேலே சுவிட்சைப் பார்த்தபடி சொன்னாள்: “நின்னுக்கிட்டிருக்கு. முன்னால ஒரு லொறி.”