செல்லோவுக்கு விழாத பொட்டு

பள்ளிக்கூட ஜிம்முக்குள் காலடி வைத்ததுமே மார்லிஸ் டோஃப்டேவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஏதோ உள்வேலை நடக்கிறது. இல்லாவிட்டால் நகரசபைக்குத் திடீரென்று ஜனங்களின் கருத்து எதற்கு?

நீச்சல், செஸ், ரோபோ, வயலின்-செல்லோ என்று பாடத்துக்கு வெளியே நடக்கும் வகுப்புகளுக்கெல்லாம் கொடுக்க ஊரில் பணமில்லையாம். ஒன்றை நிறுத்தியாக வேண்டும். சுவரில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டை. வேண்டிய வகுப்பின் அட்டையில் ஒட்ட ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர் பொட்டு. இருப்பதிலேயே குறைவாக வாங்கிய வகுப்பு காலி.

மார்லிஸின் மகள் பிரிட்டா, வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தச் செல்லோவை வாசிக்கிறாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிப்பது அந்த வகுப்பிலிருந்து வரும்போது மட்டும்தான். தனியாக வாத்தியார் வைக்க மார்லிஸுக்கு வசதியில்லை.

வந்ததும் முதல் வேலையாக மூன்று பொட்டையும் செஸ்ஸிலும் நீச்சலிலும் ஒட்டினாள். சொந்தப் பிள்ளைக்கே ஒட்டினால் மினசோட்டாவில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? கேக் தட்டில் கடைசித் துண்டைக்கூட முழுசாக எடுக்கக் கூச்சப்பட்டு, பாதி பாதியாக வெட்டியே மிச்சம் வைத்திருக்கும் ஊர் அது. செல்லோவுக்கு மற்றவர்கள் ஒட்டுவார்கள். அதுதானே முறை.

காபியோடு மூலையில் நின்று வேவு பார்த்தாள். மற்ற அட்டைகளெல்லாம் பச்சை. இசை அட்டை மட்டும் வெள்ளைவெளேர். பக்கத்து வீட்டு டுவேன் பெர்க்ஸ்ட்ராம் அதன் அருகே போவதும், சுற்றுமுற்றும் பார்ப்பதும், பாக்கெட்டில் கையை விட்டபடி நகர்வதுமாக இருந்தான்.

"என்ன டுவேன், ஏதாவது தொலைச்சிட்டியா?"

"சும்மா பார்த்தேன். யாருமே ஒட்டலையே."

"ஒட்டினது உதிர்ந்திருக்கும். காத்துல. இல்ல, கைபட்டு."

"யார் கையச் சொல்ற?"

"நான் யாரைச் சொன்னேன்? பாக்கெட்ல என்ன வச்சிருக்க?"

டுவேன் கையை விரித்தான். ஒரே ஒரு பொட்டு.

"என்னோடது. மத்த ரெண்டும் நீச்சலுக்குப் போயிடுச்சு. எங்க பையன் லெய்ஃப் வயலின் வாசிக்கிறானே, அதுல நானே போய் ஒட்டினா அசிங்கமா இருக்காது? நீ ஒட்டியிருப்பன்னு நெனச்சேன்."

"நான் எப்படி ஒட்டுவேன்? நீ ஒட்டுவன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வயலின்-செல்லோ பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் கேக்கை மென்றுகொண்டு, வெள்ளை அட்டையையும் ஒருவரையொருவரும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

"மிச்சம் இருந்தா ஒட்டிடுங்க. படம் எடுக்கப் போறேன்" என்றாள் நகரசபையிலிருந்து வந்திருந்த பெண், போனை உயர்த்தி.

ஒருத்தரும் அசையவில்லை. மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். காது மடல் சிவக்க நேரே செஸ் அட்டைக்குப் போய், தான் ஒட்டியதை நகத்தால் உரித்து, இசை அட்டையில் அழுத்தி ஒட்டினாள். ஜிம்மில் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அப்ப... மாத்தி ஒட்டலாமா?"

"கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள் நகரசபைப் பெண், போனைத் தாழ்த்தி.

டுவேன் முதலில் வந்தான். அவன் பின்னால் ஒரு வரிசை, பராக்குப் பார்க்க வந்த பாவனையில், மெதுவாக நகர்ந்தது. மார்லிஸ் அட்டையை விட்டு அசையவில்லை. எந்தக் கை ஒட்டுகிறது, எந்தக் கை உரிக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?