போனைக் கொண்டுவரச் சொன்னது யார்

நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் இருபதைத் திருத்தி முடித்திருந்தாள் கணக்கு டீச்சர். அலுவலக உதவியாளர் ஓய்வறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம் கூப்பிடறாங்க. உங்க கிளாஸ் பொண்ணு விஷயமாம்."

அப்பாடா என்று எழுந்தாள். இரண்டு நாளாகத் தொண்டையில் முள்ளாய் நின்ற விஷயம். வகுப்பில் நாலு பேர் அந்தப் பெண்ணின் படத்தைக் குப்பைத்தொட்டிப் படத்தில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரித்திருந்தார்கள். அவள் அம்மா வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்க்கிறவள். அதற்கும் சேர்த்து நக்கல். படிக்கட்டுக்கு அடியில் பெண் விசும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து டீச்சர்தான் விசாரித்தாள்.

"எதையும் அழிச்சிடாதே. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. நாளைக்கு போனை எடுத்துட்டு வா."

"ஸ்கூலுக்கு போன் கொண்டாரக் கூடாதே டீச்சர்?"

"நான் சொல்றேன்ல, கொண்டா. நான் பார்த்துக்கறேன்."

தலைமை ஆசிரியையின் மேசையில் அந்தப் போன் கிடந்தது. சுவரோரம் பெண்ணும் அம்மாவும் நின்றார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள். முழங்கையில் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"படமெல்லாம் பார்த்தேன், கேவலம்" என்றார் தலைமை ஆசிரியை. "ஆனா அவங்க நாலு பேரும் வீட்ல இருந்து போட்டிருக்காங்க. நம்ம காம்பவுண்டுக்குள்ள நடக்கலையே? கூப்பிட்டுச் சொல்லி வைக்கலாம். போன் காம்பவுண்டுக்குள்ள வந்திருக்கு, கேட் செக்கிங்ல மாட்டியிருக்கு. அதுக்கு விதி இருக்கு. பத்து நாள் சஸ்பென்ஷன்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடுத்த வாரம் பரீட்சை மேடம். ஒரு வருஷப் படிப்பே போயிடும்."

"டீச்சர் யாராவது கொண்டாரச் சொல்லியிருந்தா வேற கதை. அப்ப நடவடிக்கை அந்த டீச்சர் மேல." தற்காலிக ஆசிரியர்களின் ஒப்பந்தக் கோப்பை அவர் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க சொன்னீங்களா?"

டீச்சரின் கண் அந்தக் கோப்பின் மேல் போனது. இந்த ஒப்பந்தத்துக்காக ஆறு வருஷமாக எத்தனை பேரிடம் பல்லை இளித்திருப்பாள்! பெண்ணைப் பார்த்தாள். பெண் முகத்தில் பயமே இல்லை. டீச்சர்தான் வந்துவிட்டாளே!

பாவி, 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

"நடந்ததை எழுதிக் கொண்டான்னுதான் சொன்னேன் மேடம். போனைக் கொண்டாரச் சொல்லல."

பெண் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"டீச்சர் அவ்வளவு தெளிவாச் சொல்லியும் எதுக்குடி தூக்கிட்டு வந்தே?" அம்மா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். தலைமை ஆசிரியை கடிதத்தை நீட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எங்கடி போடணும்?" என்றாள். பெண்தான் விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.

வெளியே வந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க ஒருத்தராவது இவளுக்காக வந்து பேசினீங்களே டீச்சர். நல்லா இருப்பீங்க."

டீச்சர் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "நான் மேடம்கிட்ட மறுபடியும்..." என்று ஆரம்பித்தாள்.

"வாம்மா, போலாம்" என்றாள் பெண், டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே. "டீச்சருக்கு கிளாஸ் இருக்கு."

இருந்தது. மணி அடித்ததும் போய் வருகைப் பதிவேட்டை விரித்தாள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகச் சுழித்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். அந்த நாலு பேரும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றார்கள், கணீரென்று.