நியூட்டர்ல போன ரேஸ் கார்

பாடாலூர்ல ஹைவேயை ஒட்டி ஒரு பட்டறை. வாசல்ல போர்டு: ‘அறிவரசன் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி’. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. மொதலாளி, இன்ஜினியர், வாட்ச்மேன் எல்லாமே அறிவரசன்தான். ரெண்டு வருஷத்துல செஞ்சது ஒரே கார். ஷட்டர்ல சாக்பீஸால ரேஸ் திட்டம் எழுதி வச்சிருந்தான்: மொத வருஷம் சென்னை, ரெண்டாம் வருஷம் கோயம்புத்தூர், மூணாம் வருஷம் ஃபாரின். அதுப்படி பாத்தா இந்நேரம் ஃபாரினுக்குப் பெட்டி கட்டணும். வண்டி இன்னும் ஆலத்தியூரையே தாண்டல.

இன்ஜினை மட்டும் சும்மா சொல்லக் கூடாது. காயலான் கடையில கெடந்த பழைய கார் இன்ஜினு. பிஸ்டன், கேம்ஷாஃப்டுன்னு ஒண்ணொண்ணா மாத்தி, பதினோரு தடவை பிரிச்சுப் பூட்டினான். பத்தாவது தடவை ஒரு நட்டு மிச்சமாயிடுச்சு. அது எந்த எடத்து நட்டுன்னு பாக்கத்தான் பதினோராவது தடவை.

பொண்டாட்டி சுமதி லோடு ஆட்டோ ஓட்டுறவ. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை ஏத்திக்கிட்டு பெரம்பலூருக்குப் பறப்பா. குடும்பம் ஓடுறது அதுலதான். போன மாசம் கறாராச் சொல்லிட்டா: “ரேஸ் சங்கத்து டெஸ்ட்டுல பாஸாகலேன்னா போர்டைக் கழட்டிடணும். டிராக்டர் ரிப்பேர் பாருங்க, போதும்.” அவ தலையில கைய வச்சு அவனும் சத்தியம் பண்ணிட்டான்.

டெஸ்ட் பண்ண சென்னையிலேர்ந்து காசிநாதன் சார் வந்தாரு. ஆலத்தியூர்ப் பக்கம், மூடிப்போன சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போற தனி ரோடு. ஒரு மேடு, அப்புறம் நீள எறக்கம். எறக்கத்துக் கடைசியில வேகம் அளக்குற மெஷினோட நின்னாரு. நூத்தி நாப்பது வந்தா பாஸ்.

அறிவரசன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு எடுத்தான் பாருங்க, மேட்டு உச்சியிலயே நூத்திப் பதினஞ்சு! நம்ம இன்ஜினா இதுன்னு அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் எறக்கம் வந்துச்சு. பதினஞ்சு வருஷம் டிப்பர் ஓட்டின கை, எறக்கத்தைக் கண்டா சும்மா இருக்குமா? தன்னால கியரை நியூட்டருக்குத் தள்ளிடுச்சு. சத்தம் அடங்கிப்போச்சு. ரேஸ் கார் சாமி ஊர்வலம் மாதிரி உருண்டு வந்துச்சு.

“தொண்ணூத்தி ரெண்டு,” ன்னாரு காசிநாதன். “என்னங்க, இன்ஜின் நின்னுடுச்சா?”

“இல்லைங்க சார். நியூட்டர்ல விட்டுட்டேன்.”

“ஏன்?”

“எறக்கமாச்சுங்களே... பெட்ரோல் மிச்சமாகும்.”

தூ, ரேஸ் கம்பெனி மொதலாளியாம் மொதலாளின்னு அறிவரசன் தன்னையே திட்டிக்கிட்டான். காசிநாதன் சிரிப்பை அடக்கிக்கிட்டு, “இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. ஆனா வேற ஆள் ஓட்டணும்,” ன்னாரு.

வேற ஆளுக்கு எங்க போறது? வெங்காய மூட்டையோட ஆட்டோவை ஓரங்கட்டிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த சுமதிதான் இருந்தா. அவனை விட்டா அந்த வண்டியை ஓட்டிப் பாத்த ஒரே ஆளும் அவதான். ஆனா போர்டு எறங்கணும்னு நெனக்கிறவளும் அவதானே!

“சுமதி, எறக்கத்துல...”

“தள்ளுங்க, தெரியும்.”

மேட்டுல ஏறினா. உச்சியைத் தாண்டினா. சத்தம் இப்ப அடங்கும், இப்ப அடங்கும்னு அவன் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அடங்கல. இன்னும் கூடுச்சு.

“நூத்தி நாப்பத்தாறு!” ன்னு கத்தினாரு காசிநாதன்.

சுமதி எறங்கி ஹெல்மெட்டைக் கழட்டினா. “ஏன்டி, மெதுவா வந்திருந்தா போர்டு எறங்கியிருக்குமேடி,” ன்னான் அறிவரசன்.

“நியூட்டர்ல விடலாம்னு கியர்ல கைய வச்சேங்க,” ன்னா அவ. “அந்தச் சத்தத்தைக் கேட்டப்பறம் மனசு வரல.”

ரேஸ் ஃபாரத்துல டிரைவர்ங்கிற எடத்துல காலையிலயே தன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதி வச்சிருந்தான் அறிவரசன். அதை அவனே அடிச்சுட்டு, பக்கத்துல ‘சுமதி’ன்னு எழுதிக் குடுத்தான்.

“மார்க்கெட்டுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்,” ன்னு அவ ஆட்டோவை எடுத்தா. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நின்னாங்க. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து எறக்கம் வந்ததும் ஆட்டோ சத்தம் பட்டுன்னு அடங்குச்சு.

“டீசல் மிச்சம் சார்,” ன்னான் அறிவரசன்.