மணி திரளாத பிசின்

தம்பி ஓட்டிய பந்தய சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, இரண்டு துண்டாக அக்காவின் மேசைமேல் கிடந்தது. தம்பி செத்து ஒரு மாதம் ஆகிறது. கார்பன் இழையில் பிசினை ஏற்றி அதை வார்த்துக் கொடுத்தவள் அவள்தான். அவள் கை பட்ட பிசின் கலவை உடையவே உடையாது என்று பட்டறையே பெருமை பேசும். பாழாய்ப்போனது, சொந்தத் தம்பிக்குச் செய்ததுதானா மலை இறக்கத்தில் உடைய வேண்டும்!

உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது.

அவள் கலவையில் ரப்பர் உண்டு. முதலில் அது பிசினோடு பிசினாகக் கரைந்து கிடக்கும். இளஞ்சூட்டில் பிசின் நிதானமாக இறுகும்போது, ரப்பர் ஒதுங்கிப் பொடிப்பொடி மணிகளாகத் திரளும். விரிசல் ஓடி வந்தால் மறிப்பது அந்த மணிகள்தான். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மணி திரளும் முன்பே பிசின் இறுகிவிடும். வெளியே அதே பளபளப்பு இருக்கும், எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் ஒரு மணிகூட இல்லை. ஆனால் அவள் இளஞ்சூட்டில்தானே வைத்துவிட்டுப் போனாள்?

போனாள். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஓவனுக்குக் காவல் தம்பி. பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற பயல். திரும்பி வந்தபோது பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"நீ வர லேட்டாச்சுல்ல, நானே எடுத்து ஆற வச்சுட்டேன்க்கா. ஓவனைக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன்!"

அட பாவி, பொழுது சாய்வதற்குள் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் சூட்டை ஏற்றிவிட்டாயா? அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா. அன்று எழுதிக் கொடுத்த புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது.

"என்னன்னு தெரிஞ்சுதாடி? அன்னைக்கு நீ என்கூட வந்தியே, அதனாலயா?"

உண்மையைச் சொன்னால், பிள்ளை தன் அவசரத்தாலேயே போனான் என்றாகும். அம்மா சாகும்வரை தன் கண்ணையே சபித்துக்கொண்டிருப்பாள்.

"இல்லம்மா. ஓவன்ல ஒண்ணுமில்ல. நான் கலந்ததுதான் தப்பு."

அம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீயாடி?"

அவ்வளவுதான் கேட்டாள். தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அம்மா அவளைத் தொடவே இல்லை.