புள்ளி இரண்டு வரும்வரை

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவளுக்கு 'புள்ளி ரெண்டு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். ஆறு லட்சம் பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் கிடக்கும் டேட்டாபேஸுக்கு அவள்தான் காவல். அந்த டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்ததும் ஊரே துள்ளும். அவள் அசைய மாட்டாள். "புள்ளி சைபரா? நமக்கு வேணாம். புள்ளி ஒண்ணு வரட்டும், அதுல அடிபட்டவங்க அலறட்டும். புள்ளி ரெண்டு வந்தப்புறம் பார்க்கலாம்" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, பதினோரு வருடமாக, ஒரே ஒரு நாள் தவிர, ஆஸ்பத்திரியை அந்தப் பேச்சுதான் காப்பாற்றியது.

ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஏழாம் பதிப்புக்கு இந்த மாதக் கடைசியோடு ஆயுள் முடிகிறது. அதன்பின் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர தயாரித்தவர்கள் வரமாட்டார்கள். அப்படிப்பட்டதை வெளியே இணைத்து வைக்க ஆஸ்பத்திரி விதியும் இடம் கொடுக்காது. இணைப்பை வெட்டினால் சுற்றியுள்ள இருபத்தாறு சிறு கிளினிக்குகளுக்கு ஒரு முடிவும் போய்ச் சேராது. எட்டாம் பதிப்பிலோ புள்ளி ஒன்றுதான் வந்திருந்தது. புள்ளி இரண்டு 'விரைவில்' என்று போட்டிருந்தார்கள். விரைவிலாம்! தையல்காரர்கூட ஒரு நாளைச் சொல்லிவிட்டுத்தான் ஏமாற்றுவார்.

இதில் அவள் புதன்கிழமை விமானம் ஏற வேண்டும். கடல் தாண்டி வேலை பார்க்கும் புருஷனிடம் போய்ச் சேர ஆறு வருடம் கழித்து விசா கிடைத்திருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் அது செல்லாது. மறுபடி வரிசையில் நின்றால் இன்னும் இரண்டு வருடம். அதற்கு முன்பும் இரண்டு தடவை வாய்ப்பு வந்து, "ஏழாம் பதிப்பு போட்டுட்டு வரேன்", "புதுக் கட்டடத்துக்கு மாறிட்டு வரேன்" என்று இவள்தான் தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் குதித்தார். "எப்ப வருவே? தேதி சொல்லு!" என்று போனிலேயே கத்தினார்.

இன்று பத்தாம் தேதி, ஞாயிறு மதியம். கிளினிக்குகள் மூடியிருக்கும் நான்கு மணி நேரத்தில்தான் பதிப்பை மாற்ற முடியும். மேனேஜர் அதற்கான அனுமதித் தாளை மேஜைமேல் வைத்தார்.

"கையெழுத்தைப் போடும்மா. மாத்திட்டு நிம்மதியா கிளம்பு."

"எப்படி சார் கிளம்புறது? கடைசி வரியப் படிங்க."

'கையெழுத்திடுபவர் அடுத்த முப்பது நாட்கள் பணியிடத்தை விட்டு விலகக்கூடாது.' அவளே எழுதிய வரி. நான்கு வருடத்துக்கு முன் கூட வேலை பார்த்தவன் பதிப்பை மாற்றிய கையோடு தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டான். மறுநாள் முழுக்க முடிவுகள் திறக்கவில்லை. ஒரு தாய் காய்ச்சலில் துவண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை கவுண்டரில் நின்றாள். குழந்தை பிழைத்தது. காது மட்டும் போயிற்று. அன்று ஆத்திரத்தில் எழுதியது இது.

"இவ்வளவுதானே? வரியை அடிச்சிடறேன்" என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"வரியை அடிக்கலாம் சார். மாத்திப் பார்த்த ஒத்திகையில நாலாவது தடவை பதினோரு நிமிஷம் அப்படியே நின்னுபோச்சே, அதை எப்படி அடிப்பீங்க? ஏன் நின்னுச்சுன்னு எனக்கே தெரியல."

"வேற யாராவது பார்த்துக்க மாட்டாங்களா?"

"யாரு சார் இருக்கா?"

"அதை நீதான் சொல்லணும். கத்துக்க ரெண்டு பேரை அனுப்பினேன். பாஸ்வேர்டு கேட்டதுக்கே பாம்பைப் பார்த்த மாதிரி பார்த்தியாமே!"

சுருக்கென்றது. அந்த இருவரையும் ஒரே மாதத்தில் விரட்டியவள் அவள்தான். தன் கை பட்டால்தான் சரியாக இருக்கும் என்ற திமிர். தன் வினை தன்னைச் சுடும் என்பது பொய்யா என்ன?

ஜன்னல் இல்லாத அந்த அறையில் எழுந்து நடந்தாள். மாற்றிவிட்டுப் போனால் மறுபடி ஒரு தாய் கவுண்டரில் நிற்கலாம். மாற்றாமல் போனால் இருபத்தாறு கிளினிக்கிலும் நிற்பார்கள். போகாமல் இருந்தால் விசா போகும். போனை எடுத்தாள்.

"ஏங்க..."

"உனக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் கட்டில் வந்து இறங்குச்சு. ஜன்னல் பக்கமா போடவா, சுவர் பக்கமா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் பதில் சொல்ல ஆயிரம் வைத்திருந்தாள்.

"சரிம்மா, நீ வேலையைப் பாரு" என்றார்.

"கோவமாங்க?"

"அட, இல்லம்மா. கட்டிலைச் சுவர் பக்கமே போட்டுக்கறேன்."

கடைசி வரியை அடிக்க விடாமல் கையெழுத்துப் போட்டாள். மூன்றரை மணிக்கே எட்டு புள்ளி ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. "பார்த்தியா, வீணா பயந்தே!" என்று மேனேஜர் கைதட்டினார். அவளும் சிரித்து வைத்தாள்.

மேனேஜர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள். முப்பது நாளில் முதல் நாள். கை தன்னால் போனைத் தேடியது. என்னவோ விட்டுப்போனது போலிருந்தது. புருஷன் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இந்தத் தடவை அவர் "எப்ப வருவே?" என்று கேட்கவேயில்லை.