மைமூன் விட்ட இடைவெளி

கம்ப்யூட்டர் வாங்கிய நாள் முதல் அகமது கபீர் தன்னை சவுண்ட் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டான். ராஜபாளையத்தில் அவனைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த 98-ஆம் வருஷம் பக்கத்து மடவார் வளாகத்திலிருந்து பக்கீர் முகமது ஒரு கேசட்டோடு அவனுடைய ரெக்கார்டிங் கடைக்கு வந்தார். அவர் அரபு நாட்டில், தமாமில் வேலை பார்த்தபோது மனைவி மைமூன் கடுதாசிக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. ஒரு கேள்வி கேட்பாள், அவர் அங்கே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று செத்த நேரம் சும்மா இருப்பாள், பிறகு தொடர்வாள். போன மாதம் அவள் மவுத்தாகிவிட்டாள். அவர் வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது.

“அவ விட்ட எடத்துல நான் பதில் பேசுதேன் கபீரு. ஒரே கேசட்டா ஆக்கிக் குடு. அத்தாவும் அம்மாவும் பேசிக்கிட்டத மக நசீமா நாளைக்குக் கேக்கணும்ல.”

“நம்ம கம்ப்யூட்டரு ரெண்டு பேரு பேசுறத ஒண்ணா வாங்கிக்கிடும்ணே. வீட்ல எனக்குத்தான் ஒருத்தி பேசுறதே ஏற மாட்டேங்குது.”

சொன்ன பிறகுதான் யாரிடம் ஜோக்கடிக்கிறோம் என்பது உறைத்தது. குனிந்து, டேப் வயரை ஒரு துளையிலும் மைக்கை இன்னொன்றிலும் செருகினான். திரையில் இரண்டுக்கும் டிக் போட வேண்டும். இன்ஜினியர் ஒன்றுக்குத்தான் போட்டார். பக்கீர் பேசிய முதல் பதில் காற்றோடு போயிற்று. மறுபடி ஆரம்பித்தார்கள்.

“அங்க வெயில் எப்படிங்க?”

“பழகிருச்சு புள்ள.”

“நசீமாவுக்குப் பல்லு விழுந்திருச்சு.”

“கூரை மேல எறியச் சொல்லு.”

கபீருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற மாதிரியேதான் இருந்தது.

“மூச்சு முட்டுதுங்க. மதுரைக்குப் போயி பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லுதாங்க. போகட்டா?”

தமாமில் அவர் இதைக் கேட்டது ஒரே தடவை. அவள் போன பிறகு கேட்கத் தைரியம் இல்லை. அடுத்து என்ன சொன்னாள் என்பது நினைவில் இல்லை. மைக்கை உதட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

“போ புள்ள. இன்னைக்கே போ. கம்மல அடகு வச்சிட்டுப் போ. நான் லீவு சொல்லிட்டு வாரேன்.”

“சரிங்க,” என்றாள் மைமூன். “நீங்க சொல்லுறதும் சரிதான். நீங்க வந்த பொறவே போயிக்கிடுவோம்.”

அன்றைக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கபீர் டேப்பை நிறுத்தினான். “அந்த ஒரு வரிய வெட்டிருவோமாண்ணே? வெட்டுன தடமே தெரியாது.”

“அவ பேசுனதுல கை வைக்காத. நான் பேசுனத எடுத்துரு.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

வெயிலுக்குச் சொன்ன பதில் போயிற்று, பல்லுக்குச் சொன்னது போயிற்று. ‘இன்னைக்கே போ’ வந்தபோது கபீர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பக்கீர் அவன் தோளைத் தொட்டார். “அழிச்சுரு கபீரு. அவளுக்குக் கேக்காதது எதுக்கு.”